ஆறு பேர் தூரம்: தாக்கல் எங்கே அறுந்துபோகிறது?

ஒரு சின்னக் கணக்கோட ஆரம்பிப்போம். காளவாசல் சிக்னலில், மேம்பாலத்துக்குக் கீழே, பச்சை விழக் காத்திருக்கிற கூட்டத்திலிருந்து யாரோ ஒருத்தரைக் கூப்பிடுறோம். அவர் கையில் ஒரு கவரைக் கொடுத்து இப்படிச் சொல்றோம்: "இது அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துல வேலை பார்க்கிற ஒரு பங்குத் தரகருக்குப் போய்ச் சேரணும். நேரா தபால்ல போடக் கூடாது. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுங்க. அவர் தனக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட கொடுக்கட்டும். அப்படியே கை மாறிக் கை மாறிப் போகட்டும்." எத்தனை கை மாறினா அது பாஸ்டன் போகும்?

இந்நேரம் நீங்க "ஆறு"ன்னு சொல்லியிருப்பீங்க. எல்லாருக்கும் தெரிந்த பதில் அது. உலகத்துல யாருக்கும் யாருக்கும் நடுவில ஆறு பேர்தான். இந்த ஆறு எங்கிருந்து வந்தது, அது எதை மறைக்குது என்பதுதான் இன்றைக்குக் கதை. (காளவாசல்னா என்னன்னு வெளியூர்க்காரங்க கேட்பீங்க. எங்க பக்கம் செங்கல் சூளையைத்தான் காளவாசல்னு சொல்றது. இப்போ அங்கே வேகிறது செங்கல் இல்ல, வெயில்ல நிக்கிற பைக்காரங்க.)

முதலில் இது அறிவியலே கிடையாது, ஒரு எழுத்தாளரின் விளையாட்டு. 1929-இல் ஹங்கேரி எழுத்தாளர் ஃப்ரிகியெஷ் கரிந்தி ஒரு சிறுகதை எழுதினார். தலைப்பு 'சங்கிலிகள்'. அதில் ஒரு பாத்திரம் பந்தயம் கட்டுது: பூமியில் யாரை வேண்டுமானாலும் காட்டுங்கள், நடுவில் ஐந்து பேருக்கு மேல் இல்லாமல் அவரை நான் எட்டிவிடுவேன் என்று. தந்தி, ரயில், செய்தித்தாள் எல்லாம் உலகத்தைச் சுருக்கிக்கொண்டிருந்த காலம். 1929 என்கிற வருஷத்தை மட்டும் மனசுல வைச்சுக்குங்க, பிறகு வேற ஒரு ஊர்ல வைச்சு அது திரும்ப வரும்.

1950-களில் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர்கள் இரண்டு பேர். இத்தியேல் டி சோலா பூல் ஓர் அரசியல் அறிவியலாளர், மான்ஃப்ரெட் கோகென் கணிதக்காரர். ஒரு மனுஷனுக்கு எத்தனை பேரைத் தெரியும்? இந்தக் கேள்விக்கே அப்போது பதில் இல்லை. பூலின் வட்டத்திலிருந்த மைக்கேல் குரேவிச் சிலரை நூறு நாள் நாட்குறிப்பு எழுத வைத்தார், யாரையெல்லாம் பார்த்தீர்கள், பேசினீர்கள் என்று. சராசரியாக ஆளுக்கு ஏறத்தாழ 500 பேர் வந்தார்கள். 500-ஐ 500-ஆல் பெருக்கினா இரண்டரை லட்சம். இன்னொரு தடவை பெருக்கினா பன்னிரண்டரைக் கோடி. நாலாவது தடவை உலக மக்கள் தொகையைத் தாண்டிடும். காகிதத்துல கணக்கு முடிஞ்சது. ஆனா பூலுக்குத் திருப்தி இல்லை. என் 500 பேருக்குத் தெரிஞ்சவங்கள்ல பாதிப் பேர் எனக்கும் தெரிஞ்சவங்கதானே? என் அண்ணனுக்குத் தெரிஞ்சவர் என் சித்தப்பாவுக்கும் தெரிஞ்சவர். அப்போ இந்தப் பெருக்கல் எங்கே போய் நிக்கும்? அந்தக் கட்டுரையைச் சுமார் இருபது வருஷம் அச்சிடாமலே வைத்திருந்தார்கள். கையெழுத்துப் படியாகவே ஆய்வாளர்கள் மத்தியில் சுற்றியது, 1978-இல்தான் வெளியானது.

அதைப் படித்தவர்களில் ஒருவர் ஹார்வர்டில் இருந்த ஸ்டான்லி மில்கிராம். மனிதர்கள் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து இன்னொருவருக்கு மின்அதிர்ச்சி கொடுப்பார்களா என்று சோதித்த அதே மில்கிராம்தான். கணக்கெல்லாம் வேண்டாம், தபாலில் போட்டே பார்த்துவிடுவோம் என்று இறங்கினார்.

தென்மாவட்டத்துக்காரங்களுக்கு இந்தச் சோதனையை விளக்க ஒரே சொல் போதும்: தாக்கல். "மாமாவுக்குத் தாக்கல் சொல்லி விட்டாச்சா?"ன்னு வீட்ல கேட்பாங்க இல்ல, அந்தத் தாக்கல். ஆள் மூலமா அனுப்புற சேதி. மில்கிராம் அனுப்பினது ஒரு தாக்கல் கவர். உள்ளே சேர வேண்டியவரின் பெயர், ஊர், தொழில் இருக்கும். அவரை நேரடியாகத் தெரிந்தால் அவருக்கே அனுப்பலாம். தெரியாவிட்டால், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் பழக்கமான, நம்மைவிட அவருக்குக் கொஞ்சம் பக்கத்தில் இருக்கக்கூடிய ஒருவருக்கு அனுப்ப வேண்டும். ஒவ்வொரு கையிலும் கவரில் பெயர் எழுதணும், ஹார்வர்டுக்கு ஒரு அஞ்சலட்டையும் போடணும். எந்தக் கையில் நின்றுபோச்சுன்னு அட்டையை வைச்சுக் கண்டுபிடிச்சுடலாம்.

1967 மே மாதம் 'சைக்காலஜி டுடே' பத்திரிகையின் முதல் இதழில் இந்தச் சோதனை பற்றி மில்கிராம் எழுதினார். முதல் சுற்று கன்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டாவிலிருந்து. சேர வேண்டியவர் கேம்பிரிட்ஜில் இறையியல் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் மனைவி. நாலே நாளில் ஒரு கவர் வந்து சேர்ந்தது! கோதுமை விவசாயி ஒருவர் தன் ஊர்ப் பாதிரியாருக்குக் கொடுத்தார், அவர் கேம்பிரிட்ஜில் பாடம் நடத்துகிற பாதிரியாருக்கு அனுப்பினார், அவர் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்துவிட்டார். நடுவில் இரண்டே பேர்.

இந்தக் கதையைத்தான் உலகமே திரும்பத் திரும்பச் சொல்லிக்கிட்டு இருக்கு. ஆனால் மில்கிராமின் காகிதங்கள் யேல் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஜூடித் கிளைன்ஃபெல்ட் என்கிற உளவியலாளர் அவற்றைத் தோண்டிப் பார்த்துவிட்டு 2002-இல் எழுதினார். அந்த முதல் சுற்றில் கவர் தொடங்கியது 60 பேரிடம். சேர்ந்தது மூன்று.

அறுபதுக்கு மூணு. நாலு நாள்ல வந்த அந்தக் கவர் அந்த மூணுல ஒண்ணு.

அடுத்த சுற்றைக் கூடுதல் கவனமாகச் செய்தார்கள். அதுதான் ஜெஃப்ரி டிராவர்ஸும் மில்கிராமும் 1969-இல் வெளியிட்ட கட்டுரை. பாஸ்டனில் வேலை பார்த்து, பக்கத்தில் ஷரோன் என்கிற சிற்றூரில் குடியிருந்த பங்குத் தரகர்தான் இலக்கு. தொடங்கியவர்கள் 296 பேர். இதில் 100 பேர் பாஸ்டன்காரர்களே. இன்னொரு 100 பேர் நெப்ராஸ்கா மாநிலத்துக்காரர்கள், ஆனால் பங்குச்சந்தையில் பணம் போட்டவர்கள். பங்குத் தரகரைத் தேடுகிறவருக்கு இது எவ்வளவு வசதி! எந்தத் தொடர்பும் இல்லாத நெப்ராஸ்காக்காரர்கள் மீதி 96 பேர்தான். மொத்தம் சேர்ந்த கவர்கள் 64. அந்த 64-இல் நடுவில் நின்றவர்கள் சராசரியாக 5.2 பேர். நம்ம ஆறு பிறந்தது இங்கேதான். அந்த 96 பேர் தொடங்கிய கவர்களில் சேர்ந்தது எத்தனை? 18.

(இன்னொரு விஷயம், 'ஆறு டிகிரி' என்கிற சொற்றொடரை மில்கிராம் சொல்லவில்லை. 1990-இல் ஜான் குவேர் எழுதிய நாடகத்தின் தலைப்பிலிருந்துதான் அது ஊரெல்லாம் பரவியது.)

சேர்ந்த 64-இல் எனக்குப் பிடித்த விவரம் ஒண்ணு இருக்கு. அதில் 16 கவர்கள் ஷரோனில் இருந்த ஒரே ஒரு துணிக்கடைக்காரர் வழியாகத்தான் தரகருக்குப் போயின. எங்கிருந்து எந்த வழியா வந்தாலும் கடைசியில் அவர் கல்லாவுல வந்து விழுது. நம்ம தெருமுனையிலயும் அப்படி ஒருத்தர் இருப்பார் இல்லையா? டீக்கடையா இருக்கலாம், மளிகைக் கடையா இருக்கலாம். "மூணாவது வீட்ல குடிவந்திருக்கிற பையன் யாரு?"ன்னா அவருக்குத் தெரியும். ஊர் சுருங்கி இருக்குன்னா, அது இந்த மாதிரி ஆட்களால சுருங்கி இருக்கு.

சரி, வராத 232 கவர்கள் என்ன ஆச்சு? யாரோ ஒருத்தர் மேஜையில் போட்டு மறந்துட்டார். இதுக்கெல்லாம் எவன் மெனக்கெடுறதுன்னு விட்டுட்டார். அன்றைக்கு ஒவ்வொரு கட்டத்திலும் நாலில் மூணு பேர் அடுத்தவருக்கு அனுப்பினார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா 0.75-ஐ ஆறு தடவை பெருக்கிப் பாருங்க, நூற்றுக்குப் பதினெட்டுதான் மிஞ்சும்.

2003-இல் பீட்டர் டாட்ஸ், ரோபி முகமது, டங்கன் வாட்ஸ் மூவரும் இதையே மின்னஞ்சலில் செய்தார்கள். 13 நாடுகளில் 18 இலக்குகள். அதில் ஒருவர் இந்தியாவில் இருந்த தொழில்நுட்ப ஆலோசகர். இன்னொருவர் எஸ்டோனியாவில் ஆவணக் காப்பக ஆய்வாளர், இன்னொருவர் அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் பேராசிரியர். 24,163 சங்கிலிகள் தொடங்கின. முடிந்தது 384. அந்த 384-இலும் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவை அந்த ஒரு பேராசிரியருக்கே போய்ச் சேர்ந்தன, ஏன்னா கலந்துக்கிட்டவங்க பெரும்பாலும் படித்த அமெரிக்கர்கள். எட்டிவிடலாம் என்று நம்பின ஆளை எட்டினார்கள்.

நிறுத்தியவர்களிடம் ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். அனுப்ப ஆளே தோணலைன்னு சொன்னவங்க 0.3 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது வழி இருந்தது, வழியில் நின்றவருக்கு ஆர்வம் இல்லை.

ஃபேஸ்புக் 2011-இல் 72 கோடிப் பேரை வைத்துப் போட்ட கணக்கில் இருவருக்கு இடையே சராசரி தூரம் 4.74 அடி. 2016-இல் 159 கோடிப் பேரை வைத்துப் பார்த்தபோது நடுவில் நிற்பவர்கள் 3.57. இவை மேலே நின்னு வரைபடத்தைப் பார்க்கிற கணக்கு. கவரைக் கையில் வைச்சிருக்கிறவருக்கு அந்த வரைபடம் தெரியாது. தெரிஞ்சாலும் அவர் அனுப்பணுமே.

இப்போ ஊருக்கு வருவோம். ஆரப்பாளையத்துல தேனி பஸ் ஏறி உட்கார்றீங்க. பக்கத்து சீட்டுல ஒரு பெரியவர். நாகமலை தாண்டுறதுக்குள்ள பேச்சு ஆரம்பிச்சுடும். "தம்பிக்கு எந்த ஊரு?" உசிலம்பட்டிப் பக்கம்னு சொல்றீங்க. "பக்கம்னா? எந்தக் கிராமம்?" சொல்றீங்க. "அங்க ஸ்கூல்ல இருந்த ஹெட்மாஸ்டரைத் தெரியுமா? அவரு எங்க மச்சினனுக்குச் சம்பந்தி." இதுதான் மில்கிராம் சோதனை! தபால் செலவு இல்லாம, ஓடுற பஸ்ல, பத்து நிமிஷத்துல. ஊர், தொழில், உறவு என்று ஒவ்வொரு கேள்வியும் தேடலைக் கொஞ்சம் சுருக்குது. நெப்ராஸ்காக்காரர்களும் இதையேதான் செய்தார்கள், முதலில் ஊரைப் பார்த்து, பிறகு தொழிலைப் பார்த்து அனுப்பினார்கள்.

அதுக்கடுத்து அந்தப் பெரியவர் இன்னொரு கேள்வி கேட்பார். "எந்தத் தெரு?" சிரிச்சுக்கிட்டேதான் கேட்பார். அது எதுக்கான கேள்வின்னு உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து பேச்சு இன்னும் நெருங்கும், இல்லைன்னா அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்குவார். தூரத்தைச் சுருக்கின அதே பேச்சுதான் அங்கே கத்தரிக்கவும் செய்யுது.

மில்கிராமின் எண்களிலேயே ஒரு இடம் பாருங்க. ஒரு சுற்றில் 145 கைமாற்றங்களை எண்ணினார்கள். நண்பர்கள், பழக்கமானவர்களுக்குப் போனது 123. சொந்தக்காரர்களுக்குப் போனது 22. இதை மதுரையில் செய்திருந்தால் இந்த இரண்டு எண்ணும் இடம் மாறியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஒரு காரியம்னா நமக்கு முதல்ல தோணுறது மாமா, சித்தப்பா, சகலை. தப்பில்ல. ஆனா 2011-12-இல் நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வின்படி, இந்தியாவில் சாதி கடந்த திருமணங்கள் சுமார் 5 சதவீதம். அப்போ சொந்தத்து வழியாவே போகிற தாக்கல் எத்தனை கை மாறினாலும் சாதியை விட்டு வெளியே போகாது. நூறு வீடு சுத்தி வந்தாலும் அதே வளாகம்தான்.

அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். 1970-இல் சார்ல்ஸ் கோர்ட்டேயும் மில்கிராமும் வெளியிட்ட ஆய்வு, முதல் ஆய்வைவிட முக்கியமானதுன்னு நான் சொல்வேன். லாஸ் ஏஞ்சலஸில் 540 வெள்ளையர்களிடம் கவர்கள். இலக்குகள் நியூயார்க்கில் 18 பேர், ஒன்பது பேர் வெள்ளையர், ஒன்பது பேர் கறுப்பினத்தவர். வெள்ளையரைத் தேடிய கவர்களில் 33 சதவீதம் சேர்ந்தன. கறுப்பினத்தவரைத் தேடியவற்றில் 13 சதவீதம். சேர்ந்தவற்றின் நீளத்தைப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஆக, தூரம் அதே தூரம்தான். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பக்கமும் "ஆறு". நடுவில் அறுந்துபோனவற்றை எண்ணினால்தான் சுவர் தெரியும்.

நம்ம சுவர் இன்னும் விசித்திரமானது, ஏன்னா இங்கே இணைப்பு இல்லாம இல்ல. கிராமத்துல ஒரு சாவு விழுந்தா, அக்கம்பக்கத்து ஊர்களுக்கெல்லாம் சேதி போகணும். போன் வராத காலத்துல யார் போனாங்க? பல ஊர்களில் தலித் மக்கள் மேல் சுமத்தப்பட்ட வேலை அது. மைல் கணக்காக நடந்துபோய், இன்னார் இறந்துட்டார்னு ஒவ்வொரு வீடாச் சொல்லணும். யாருக்கு யார் சம்பந்தி, எந்த ஊரில் எந்த வீடு, எல்லாம் அவருக்கு அத்துப்படி. இன்றைக்கு ஆய்வாளர்கள் பார்த்தா அந்த வட்டாரத்தோட மைய இணைப்பே அவர்தான்னு சொல்வாங்க. ஷரோன் துணிக்கடைக்காரரைவிடப் பெரிய ஆள். ஆனா தாக்கல் சொல்லிவிட்டு அவர் வாசலுக்கு வெளியேதான் நிற்கணும். அந்த வலையில் தனக்காக ஒரு தாக்கல் அனுப்ப, ஒரு வேலை கேட்க, ஒரு கடன் கேட்க அவரால் முடியாது. சங்கிலி அவர் வழியாப் போகும், அவருக்காகப் போகாது. பிற்பாடு பல ஊர்களில் இனி இழவு சொல்லப் போகமாட்டோம், பறையடிக்க மாட்டோம் என்று மறுத்ததற்காகவே சண்டையும் ஊர்விலக்கமும் நடந்திருக்கின்றன.

இப்போ அந்த 1929. கரிந்தி புடாபெஸ்ட்டில் கதை எழுதிய அதே வருஷம், பிப்ரவரியில், செங்கல்பட்டில் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு நடந்தது. தலைமை வகித்தவர் பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். சென்னை தி.நகர் பாண்டி பஜார் இவர் பெயரில்தான் இருக்கு. பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லி அந்த மாநாடு தீர்மானம் போட்டது. ஒருத்தர் எல்லாரும் ஐந்து கை தூரம்தான்னு எழுதுறார். இன்னொரு பக்கம், கை மாறும்போதே தடுக்கிற முகவரிச் சீட்டைக் கிழிக்கப் பார்க்கிறாங்க. தமிழ்நாட்டில் அது பெருமளவு நடந்தும் விட்டது, இனிஷியலோட நின்னுடுற பெயர்தான் நமக்கெல்லாம். பெயரில் தகவல் கிடைக்காததால்தான் "எந்தத் தெரு?" என்கிற கேள்வி இவ்வளவு கெட்டியா நிக்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

பக்கத்து மாநிலத்தில் இதை முழுசாக வரைந்தே பார்த்திருக்கிறார்கள். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, அருண் சந்திரசேகர், மேத்யூ ஜாக்சன் நாலு பேரும் கர்நாடகாவில் 75 கிராமங்களில் வீடு வீடாகக் கேட்டார்கள். அரிசி, மண்ணெண்ணெய் தீர்ந்துபோனா யார்கிட்ட கேட்பீங்க? கடன் யார் தருவாங்க? கோயிலுக்கு யாரோட போவீங்க? ஒரு கிராமத்தில் அரிசி, மண்ணெண்ணெய் கடன் வாங்குறதை மட்டும் கோடாகப் போட்டா, படம் ஏறத்தாழ இரண்டாகப் பிரிஞ்சு நிக்குது, ஒரு பக்கம் பட்டியல் சாதி, பழங்குடி வீடுகள், இன்னொரு பக்கம் மற்றவர்கள். நடுவில் கோடுகள் கொஞ்சம்தான். ஒரு கிராமம், நடந்தா சில நிமிஷம்.

இது கிராமத்துக் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. நீங்க இப்போ தேடிக்கிட்டு இருக்கிற 'ரெஃபரல்' இதுதான். 1973-இல் மார்க் கிரானோவெட்டர் காட்டினார்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஆள் அடிக்கடி பார்க்கிற நெருங்கிய நண்பர் இல்லை, எப்போதாவது பார்க்கிறவர். 2022-இல் கார்த்திக் ராஜ்குமாரும் மற்றவர்களும் லிங்க்ட்இன்னில் ஐந்து வருஷம் இரண்டு கோடிப் பேரை வைத்துப் பார்த்தபோதும், வேலை மாற உதவியது நெருக்கமான உறவைவிடக் கொஞ்சம் தள்ளி நிற்கிற அறிமுகம்தான்.

கோர்ட்டே ஆய்வுக்குள்ளேயே இதற்கு ஒரு எண் இருக்கிறது. வெள்ளையர் ஒருவர் கவரை முதன்முதலாக ஒரு கறுப்பினத்தவரிடம் கொடுக்கிற இடத்தைப் பாருங்க. அவரை "நண்பர்" என்று குறிப்பிட்ட சங்கிலிகளில் 26 சதவீதம் சேர்ந்தன. "அறிமுகமானவர்" என்று குறிப்பிட்டவற்றில் 50 சதவீதம். சுவரைத் தாண்ட உயிர் நண்பன் தேவைப்படலை. ஆபீஸ்ல பார்த்தா தலையாட்டுற ஆள் போதுமா இருந்திருக்கு.

அந்தத் தலையாட்டுற ஆள்கூட இல்லாம நேராக விண்ணப்பம் போட்டா? சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெலும் 2007-இல் வெளியிட்ட சோதனையில், 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். தகுதி சமம், பெயர் மட்டும் வேறு. உயர்சாதிப் பெயருக்கு வந்ததைவிடத் தலித் பெயருக்கு அழைப்புகள் குறைவு, முஸ்லிம் பெயருக்கு இன்னும் குறைவு. அங்கே கவர் முதல் கையிலேயே நின்றுவிட்டது.

உங்க முதல் வேலை எத்தனை கை மாறி உங்ககிட்ட வந்ததுன்னு எண்ணிப் பார்த்து எழுதி அனுப்புங்க. பெயர் வேண்டாம். நடுவில நின்னவங்க சொந்தக்காரங்களா, கூடப் படிச்சவங்களா, எப்போதாவது பார்க்கிறவங்களா, அது மட்டும் போதும். வந்ததை அடுத்த எபிசோடில் வாசிக்கிறேன்.